திருவனந்தபுரம் பைபாஸில் சாக்கை இறங்குமிடத்தைத் தவறவிடாமல் விமான நிலையம் செல்வது எப்படி?

வேளிமலையடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் என்று நம் மாவட்டத்துச் சாலைகளில் யாருடைய துணையும் இல்லாமல் ஓட்டிவிடுவேன். நம் சாலைகளில் வளைவும் நெரிசலும் மிகுதி என்றாலும் வேகம் குறைவு. வழி தவறினால் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். எனக்குச் சிக்கலாக இருப்பது திருவனந்தபுரம் பைபாஸ்தான்.

கடந்த மாதம் என் கொழுந்தனாரை அழைத்து வர விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். பைபாஸ் தொடங்கும் ஊரான காரோட்டில் ஏறியதிலிருந்து சாலை நேராகவும் அகலமாகவும் இருந்ததால் மனம் லேசாகி, எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஈஞ்சக்கல்லைத் தாண்டிய பிறகு, விமான நிலையம் இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கார் ஒரு மேம்பாலத்தில் ஏறிவிட்டது. இடப்பக்கம் கீழே, நான் போயிருக்க வேண்டிய சாலை தெரிந்தது. திகைப்பில் பாலத்தின் நடுவிலேயே பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த டாரஸ் லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே என்னை ஒட்டி விலகிப் போனது. அந்தக் காற்றில் கார் ஒருமுறை ஆடி நின்றது. அதன்பின் எங்கே திரும்புவது என்று தெரியாமல் ஆக்குளம் வரை போய், சுற்றி வருவதற்குள் கொழுந்தனார் பெட்டிகளோடு வெளியே வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டார்.

அடுத்த வாரம் என் கணவர் வருகிறார். இந்த முறையும் நான்தான் போக வேண்டும். நம் பக்கத்திலிருந்து போகும்போது இறங்குமிடத்தை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வது, தவறினால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். கூகுள் மேப் வைத்திருந்தேன். அது சொல்லி முடிக்கும்போது நான் பாலத்தின் மேல் இருந்தேன்.

பழையாறு

தங்கச்சிக்கு வணக்கம். நாகர்கோவிலில் டாக்சி ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாளாவது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் சவாரி இருக்கும். நீங்கள் சொன்ன அதே இடத்தில், பைபாஸ் புதிதாகத் திறந்த காலத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். நமக்கு நன்றாகப் பழகிய மார்த்தாண்டம் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பம்மத்தில் ஏறிவிட்டால் வெட்டுமணியில்தான் இறங்க முடியும். நடுவில் இருக்கும் சந்தையும் பேருந்து நிலையமும் காலுக்குக் கீழே போய்விடும். மார்த்தாண்டத்தில் வேலை இருப்பவர் யாரும் சந்தை வந்த பிறகு இறங்குமிடத்தைத் தேடுவதில்லை, பம்மத்திலேயே இடப்பக்கம் ஒதுங்கிக் கீழ்ச்சாலையைப் பிடித்துவிடுகிறார். திருவனந்தபுரம் பைபாஸும் இப்படித்தான். இறங்க வேண்டிய ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு இறங்க வழி இருக்காது. அந்த ஊருக்கு முந்தைய ஊரிலேயே முடிவெடுத்து, இடப்பக்க சர்வீஸ் ரோட்டுக்குள், அதாவது அணுகுசாலைக்குள், போய்விட வேண்டும்.

ஆகவே ஊர்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காரோட்டில் ஏறினால் முதலில் முக்கோலை, அதாவது விழிஞ்ஞம் பக்கம், அடுத்து கோவளம் சந்திப்பு, அதன்பின் டோல், டோலைத் தாண்டினால் திருவல்லம், அங்கே கரமனை ஆற்றுப் பாலம் வரும், பிறகு அம்பலத்தறை, முட்டத்தறை, ஈஞ்சக்கல், சாக்கை. இதில் உங்களுக்கு வேண்டியது சாக்கை என்றால், கவனம் தொடங்க வேண்டிய இடம் ஈஞ்சக்கல். ஈஞ்சக்கல் சந்திப்பில் எப்படியும் நெரிசலால் வண்டி மெதுவாகிவிடும். அந்த மெதுவிலேயே இடப்பக்கத் தடத்துக்கு வந்துவிடுங்கள். சந்திப்பைக் கடந்ததும் யார் ஹாரன் அடித்தாலும் வேகம் எடுக்காமல், இடப்பக்கம் அணுகுசாலைக்குத் திறப்பு கிடைத்த உடனே உள்ளே போய்விடுங்கள். முன்னால் சாலை மேலேறுவது தெரிந்தால் அதுதான் சாக்கை மேம்பாலம்; அதில் ஏறக்கூடாது. விமான நிலையம் பைபாஸுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால், நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு எப்போதும் இடப்பக்கம்தான். வலப்பக்கம் கடக்க வேண்டிய தேவையே இல்லை.

சர்வீஸ் ரோட்டில் நுழைந்தபின் இன்னொரு கவனம் தேவை. அது பெயருக்குத்தான் ஒருவழி. எதிரே ஸ்கூட்டர் வரும், ஆட்டோ வரும், மீன்கூடை வைத்த சைக்கிளும் வரும். பைபாஸில் எண்பதில் ஓடிய காலுக்கு நாற்பது மிகவும் மெதுவாகத் தோன்றும். அந்த இடத்துக்கு நாற்பதே அதிகம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கணவர் வருவது வெளிநாட்டு விமானம் என்றால் சாக்கைப் பக்கம் இருக்கும் இரண்டாம் முனையம். உள்நாட்டு விமானத்தில் மாறி வருகிறார் என்றால் டிக்கெட்டில் முனையம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ஒரே விமான நிலையம்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியே சுற்றித்தான் போக வேண்டும்.

கோதையாறு

எனக்கு இந்த பைபாஸே வேண்டாம். களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை என்று பழைய சாலையிலேயே போய், தம்பானூர் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் போய்விடுவேன். நேரம் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் எந்த இடத்திலும் நிறுத்தலாம், யாரிடமும் கேட்கலாம், தமிழிலேயே பதில் கிடைக்கும். பெண்கள் தனியாகப் போகும்போது இதுவே பாதுகாப்பு என்பது என் கருத்து.

முட்டம் கலங்கரை

மேலே கருத்துச் சொன்ன நண்பரோடு நான் மாறுபடுகிறேன். பாலராமபுரம் சந்திப்பில் மாலை நேரத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டவர் பழைய சாலையைப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார். பேருந்தும் ஆட்டோவும் பாதசாரியும் ஒரே அகலத்தில் நெருக்கியடிக்கும் சாலையில், புதிதாக ஓட்டுகிறவர் கிளச்சிலும் பிரேக்கிலும் கால் வைத்தே களைத்துவிடுவார். விமானம் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்தச் சகோதரி பைபாஸிலேயே போகட்டும். ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்பதற்கும் இறங்குமிடம் தவறுவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நான் சாலைப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏன் இறங்குமிடம் தவறுகிறது என்பதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் தன்மீதே ஏற்படும் குறை நினைப்பு போய்விடும் என்பதால் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. 300 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும் என்று போன் சொல்லத் தொடங்கும்போது உங்கள் கையில் இருப்பது 13 நொடி. அது சொல்லி முடிக்க மூன்று நொடி, எந்தத் திறப்பைச் சொல்கிறது என்று தேட நான்கு நொடி, கண்ணாடியில் பின்னால் பார்க்க இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், வேகத்தைக் குறைத்துத் திரும்புவதற்கு மிஞ்சுவது நான்கு நொடி. இடப்பக்கத்தில் ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தால் அந்த நான்கும் போயிற்று. இதே தொலைவை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 21 நொடி ஆகும். இறங்குமிடத்தை நெருங்கும் கடைசி ஒரு கிலோமீட்டரை 50-இல் ஓட்டுவதால் மொத்தப் பயணத்தில் கூடுவது அரை நிமிடத்துக்கும் குறைவு.

இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைகள், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர் தெளிவான பார்வைத் தொலைவும், 100 கிலோமீட்டருக்கு 180 மீட்டரும் வேண்டும் என்கின்றன. எதிரில் எதையாவது கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்கான தொலைவு அது. அதில் உணர்ந்து செயல்படுவதற்கு மட்டும் இரண்டரை நொடி ஒதுக்குகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 55 மீட்டர். அதாவது நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பத்துக் கார்களின் நீளத்துக்கு மேல் போய்விட்டீர்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் இன்னும் மோசம். பின்னால் வருபவருக்கு முகட்டுக்கு அப்பால் நிற்கும் வண்டி தெரியாது. நீங்கள் அன்று பாலத்தின் மேல் நிறுத்தியதைத்தான் நான் உண்மையான தவறு என்பேன். இறங்குமிடத்தை விட்டது ஒரு பொருட்டே இல்லை. விட்டுவிட்டால் விட்டதாக ஏற்றுக்கொண்டு, அதே வேகத்தில் பாலத்தைக் கடந்து, அடுத்து எங்கே கீழே போக முடிகிறதோ அங்கே திரும்பி வாருங்கள். அதிகம் போனால் கால் மணி நேரம் செலவாகும்.

கூகுள் மேப் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. செயற்கைக்கோள் வழியே போன் தன் இருப்பிடத்தைக் கணிப்பதில் சில மீட்டர் பிழை இருக்கும். முதன்மைச் சாலையும் அணுகுசாலையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடும் இடத்தில் அந்தச் சில மீட்டருக்குள் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. பாலத்தின் மேலா கீழா என்பதிலும் இதே குழப்பம்தான். ஆகவே நீங்கள் சரியாக அணுகுசாலைக்குள் இறங்கிய பிறகும், இன்னும் மேலே இருப்பதாக எண்ணிக்கொண்டு அது எதையாவது சொல்லக்கூடும். அந்த நேரத்தில் பச்சைப் பலகையை நம்புங்கள், போனை நம்ப வேண்டாம்.

அந்தப் பலகைகளைப் பற்றியும் ஒரு குறை உண்டு. எத்தனை நல்ல பலகை வைத்தாலும் அதன் முன்னால் ஒருவர் விளம்பரத் தட்டியைக் கட்டிவிடுகிறார். நான் கடைசியாகப் போனபோது ஓரிடத்தில் அம்புக்குறி மட்டும் தெரிந்தது. ஊர்ப்பெயர் முழுவதும் ஒரு கல்யாண வாழ்த்துக்குப் பின்னால் இருந்தது.

குளச்சல் கடற்கரை

ரியாத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். அங்கே நகரைச் சுற்றி ரிங் ரோடு இருக்கிறது. அதன் ஒவ்வொரு இறங்குமிடத்துக்கும் ஒரு எண். அந்த எண்தான் அங்கே முகவரி. எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள், எக்ஸிட் 18 என்பார்கள், எக்ஸிட் 10 என்பார்கள். சம்பளம் வாங்கும் இடம், ஊருக்குப் பணம் அனுப்பும் இடம், கோழிக்கறி வாங்கும் இடம் எல்லாமே எண்கள்தான். முதல் மாதம் எனக்கு அரபுப் பலகை ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எண்களை வைத்தே ஓட்டிவிட்டேன்.

திருவனந்தபுரம் பைபாஸில் அப்படி எண் கிடையாது என்பதால், நாமே நம் மனத்தில் எண் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பழையாறு அண்ணன் சொன்ன வரிசையை நான் இப்படி வைத்திருக்கிறேன்: முக்கோலை ஒன்று, கோவளம் இரண்டு, திருவல்லம் மூன்று, ஈஞ்சக்கல் நான்கு, சாக்கை ஐந்து, ஆக்குளம் ஆறு, கழக்கூட்டம் ஏழு. நான்கு முடிந்ததும் கை தானாக இண்டிகேட்டருக்குப் போய்விடும். நம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளப் பலகை வாசிக்கத் தெரிந்திருப்பது ஒரு வசதி. தெரியாதவர்களுக்கு இந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.

அங்கேயும் எக்ஸிட்டை விடாதவர் யாரும் இல்லை. விட்டால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பாலத்தின் அடியில் திரும்பி வருவார்கள். ரிவர்ஸ் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவருடைய வண்டியை இழுத்துப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவரும் சவூதியில் இருந்து வருகிறார் என்று தோன்றுகிறது. ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். இறங்குமிடமும் வலப்பக்கம், மெதுவாகப் போகும் தடமும் வலப்பக்கம். இங்கே எல்லாம் நேர்மாறு. இண்டிகேட்டர் தண்டும் பெரும்பாலான நம் கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும், அங்கே இடப்பக்கம். நான் ஊருக்கு வந்த முதல் வாரம், ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத்தான் ஓட விட்டேன், வெயிலில். தூக்கமில்லாமல் விமானத்தில் வந்தவர் பாசத்தில் ‘நான் ஓட்டுகிறேன், கொடு’ என்று கேட்பார். பைபாஸில் கொடுக்காதீர்கள்.

வேளிமலையடி

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. மார்த்தாண்டம் பாலத்தை வைத்துச் சொன்னதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தனை நாளும் இறங்குமிடம் என்பது இறங்க வேண்டிய இடத்தில் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் வருவது ரியாத்திலிருந்து நேரடி விமானம். இரண்டாம் முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் நாம் பைபாஸின் வடக்கு நோக்கிய பக்கத்தில் இருப்போம் அல்லவா, அங்கிருந்து நம் ஊர்ப் பக்கம் திரும்புவது எப்படி? அடுத்து, மாமியாரை மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இதுவரை பேருந்தில் போய் ஆட்டோ பிடித்தோம். காரில் போனால் எங்கே இறங்குவது?

பழையாறு

வெளியே வந்து சர்வீஸ் ரோட்டைப் பிடித்ததும் பைபாஸில் ஏறிவிடாதீர்கள். ஏறினால் கழக்கூட்டம் பக்கம்தான் போவீர்கள். கீழேயே வந்து சாக்கை மேம்பாலத்தின் அடியில் வலப்பக்கம் திரும்பி, மறுபக்கம் நம் ஊர்த் திசைக்குப் போகும் சாலையைச் சேர்ந்துகொள்ளலாம். பாலத்தின் அடியில் நான்கு பக்கமும் வண்டி வரும். முறை என்று ஒன்றும் இருக்காது. முந்துகிறவன் முதலில் போவான். அவசரம் இல்லாமல் நின்று, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து மெதுவாக நகருங்கள்.

பைபாஸில் மீண்டும் சேரும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சர்வீஸ் ரோட்டில் முப்பதில் வந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். வலப்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், தலையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் விழாத ஓர் இடம் எப்போதும் உண்டு, பைக் அங்கேதான் இருக்கும். இடைவெளி கிடைத்ததும் தயங்காமல் வேகம் எடுத்து, இடப்பக்கத் தடத்திலேயே சேருங்கள். பாதி நுழைந்த பிறகு நிறுத்துவதுதான் ஆபத்து.

லாரிகள் வலப்பக்கத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு நம் மாவட்டத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள்தான் அதிகம். திரும்பி வரும்போது காலி வண்டி என்பதால் வேகம் கூடும். அவற்றை இடப்பக்கமாக முந்துவதை நான் விட்டுவிட்டேன். சட்டென்று அது இடப்பக்கம் வந்தால் நமக்கு ஒதுங்க இடம் இல்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2023 ஜூலை முதல் நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. அனுமதி இருக்கிறது என்பதற்காக நூறில் போக வேண்டியதில்லை. கேமரா வைத்திருக்கிறார்கள், அபராதம் நம் ஊர்ப் பதிவெண்ணுக்கும் வீடு தேடி வரும். சீட் பெல்ட் முன்னிருக்கையில் இருவருக்கும் கட்டாயம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். டோலில் நின்ற பிறகு போனில் பணம் ஏற்றிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் மலையாளத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆர்.சி.சி.க்கும் சாக்கையில்தான் இறங்க வேண்டும். ஆனால் இந்த முறை இடப்பக்கம் இல்லை. பாலத்தின் அடியில் வலப்பக்கம் திரும்பி, பேட்டை, கண்ணம்மூலை வழியாக மெடிக்கல் காலேஜ் போகலாம். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். பரிசோதனை முடிய மாலையாகிவிடும் என்பதால், மாமியாருக்குக் கஞ்சியும் தண்ணீரும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்மநாபபுரம் கோட்டைவாசல்

நான் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறேன். வாரம் இருமுறை இந்தச் சாலையில் போய் வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே பயன்படக்கூடிய ஒரு செய்தியைச் சேர்க்கிறேன்.

நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கிப் போகும் அந்த ஊர்வலம் செல்வது பழைய சாலையில்தான். யானையும் பல்லக்கும் வழிநெடுக வரவேற்பும் இருக்கும்போது கார் நகராது, நகரவும் கூடாது. குழித்துறை, களியக்காவிளை வழியாகத்தான் நாமும் காரோட்டுக்குப் போக வேண்டும் என்பதால், அந்த நாட்களில் ஊர்வலம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் பைபாஸில் தடை இருக்காது.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் நாளில் கதை வேறு. ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே போகிறது என்பதால் அன்று மாலை சில மணி நேரம் விமானங்களே இறங்காது. அன்று ஈஞ்சக்கல், வள்ளக்கடவு பக்கமெல்லாம் கூட்டமாக இருக்கும். அந்த நாளில் விமானத்தின் நேரத்தைச் சரிபார்க்காமல் கிளம்பி, நான் ஒருமுறை கோவளத்துக்கு இப்பாலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கழக்கூட்டம் வரை போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட கழக்கூட்டம் உயர்மட்டச் சாலை 2.72 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறிவிட்டால் டெக்னோபார்க்கின் பழைய முதன்மை வாசல் கீழே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் மேலே போய், அந்தப் பக்கம் இறங்கி, தாமதமாக வந்து சேர்ந்தேன். மார்த்தாண்டத்தில் செய்யாத தவறை அங்கே போய்ச் செய்தேன் என்று இப்போது இதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

இரவில் திரும்புவதாக இருந்தால், காரோடு வந்து நான்குவழிச் சாலை முடிந்து குறுகிய சாலையில் நுழையும் இடத்தில் கவனம் தேவை. அதுவரை மையத் தடுப்பு இருந்ததால் எதிர்வரும் வெளிச்சம் கண்ணில் படாது. சட்டென்று எதிர் வண்டிகளின் ஹெட்லைட் நேராக முகத்தில் அடிக்கும். கண் பழகும்வரை வேகத்தை முப்பதுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் காரோட்டிலிருந்து வில்லுக்குறிக்கும், அங்கிருந்து கன்னியாகுமரிக்கும் நான்குவழிச் சாலை எப்போது முழுதாக வருமோ, அதுவரை இந்தத் திடீர் மாற்றம் இருக்கத்தான் செய்யும்.

கோதையாறு

முட்டம் நண்பர் சொன்ன கணக்கைப் படித்தேன். பெண்கள் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; பயம் எனக்குத்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: பைபாஸில் வண்டி பழுதாகி நின்றால் என்ன செய்வது? பழைய சாலையில் பத்தடிக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிறதே.

முட்டம் கலங்கரை

நியாயமான கேள்வி. வண்டி ஓடும் நிலையில் இருந்தால், டயர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டி அடுத்த சர்வீஸ் ரோட்டுத் திறப்புக்குள் கொண்டுபோய்விட வேண்டும். முடியாவிட்டால் இடப்பக்க ஓரத்தில் முடிந்த அளவு ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரும் எரியவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் வைத்துவிட்டு, ஆட்கள் அனைவரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசுவது கூடவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையின் உதவி எண் 1033. இந்தியா முழுவதும் அதே எண்தான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றும் கேட்டுவைக்கிறேன்.

வேளிமலையடி

விமான நிலையம் போய்வந்துவிட்டேன். எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். காரோட்டிலிருந்து முக்கோலை வரை அது காங்கிரீட் சாலை என்பதைப் போன முறை நான் கவனிக்கவே இல்லை. டயரிலிருந்து ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. முக்கோலையைத் தாண்டித் தார்ச்சாலை வந்ததும் அது நின்றுவிட, காது அடைத்தது போல் ஆயிற்று. ‘ஒன்று’ என்று வாய்விட்டே எண்ணினேன். கோவளம் இரண்டு, திருவல்லம் மூன்று. ஈஞ்சக்கல்லில் நான்கு என்று சொன்னபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. இடப்பக்கத் தடத்தில் ஐம்பதிலேயே போனேன். பின்னால் ஒரு வேன் இரண்டுமுறை ஹெட்லைட்டை அடித்துவிட்டு வலப்பக்கமாகப் போனது. திறப்பு வந்தது, உள்ளே போய்விட்டேன். அப்போதும் போன் ‘நேராகச் செல்லவும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மேம்பாலம் எனக்கு வலப்பக்கத்தில் மேலே ஏறிப் போவதை இம்முறை கீழே இருந்து பார்த்தேன்.

பழையாறு அண்ணன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். பாலத்தின் அடியில் முறை என்று ஒன்றும் இல்லை என்றார். நான் போன நேரத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தார். அது என் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

கணவர் காரோடு வரை வண்டியைக் கேட்டுக்கொண்டே வந்தார், கொடுக்கவில்லை. களியக்காவிளையில் டீ குடித்த பிறகு கொடுத்தேன். குழித்துறைப் பாலத்துக்கு முன்னால் வைப்பர் ஓடியது.

ஸ்டெப்னியில் காற்று இல்லை. நேற்று அடித்து வைத்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்.சி.சி.க்குப் போக வேண்டும். பேட்டை வழியில் ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் காலையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்குள் எழுதினால் நன்றாக இருக்கும்.